உப்பு கொண்டுவந்த பாட்டும் உப்பு தின்ற ஸ்பீக்கரும்

கார் கதவில் இருக்கும் ஸ்பீக்கர் ஒன்று பேசாமல் போனால், அதை வீட்டிலேயே சோதித்து மாற்ற என்ன வேண்டும்? ஒரு மல்டிமீட்டர், ஒரு பென்சில் பேட்டரி, ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. அவ்வளவுதான். செய்முறையைக் காட்ட வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. இந்தப் பதிவு அதற்காக மட்டும் அல்ல. அந்த ஐந்து நிமிடச் சோதனையில் நாம் தொடும் ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் ஆண்டும் ஓர் ஊரும் இருக்கிறது. அதைக் கொஞ்சம் எழுதி வைக்கலாம் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் இந்தக் கதையில் இன்னொரு பாத்திரமும் உண்டு. உப்பு. உச்சிப்புளிக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ராமநாதபுரத்தில் இருந்து ராமேஸ்வரம் ரோட்டில் கிழக்கே வர வர நிலம் ஒடுங்கிக்கொண்டே போகும். காற்று எந்தத் திசையில் அடித்தாலும் அது கடல் காற்றுதான். இந்தக் கடற்கரைக்குப் பாட்டைக் கொண்டுவந்ததும் உப்பு, அந்தப் பாட்டைப் பாடும் ஸ்பீக்கரைத் தின்பதும் உப்பு. முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்.

பாட்டு வந்த வழி

கொழும்பில் வானொலி நிலையம் தொடங்கியது 1925 டிசம்பரில். தந்தித் துறைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர் சில ஆண்டுகளுக்கு முன்பே சோதனை ஒலிபரப்பு செய்து பார்த்திருந்தார். முதல் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கியின் வானொலிச் சாதனங்களைப் பிரித்துத்தான் அவருடைய முதல் ஒலிபரப்பியைக் கட்டினார்கள் என்று இலங்கை வானொலி வரலாற்றில் சொல்வார்கள். 1949-இல் அது 'ரேடியோ சிலோன்' ஆனது.

இந்தியப் பக்கம் 1952-இல் பி.வி.கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஓரங்கட்டப்பட்டது. கேட்கிறவர்கள் முள்ளைத் திருப்பி இலங்கைக்குப் போய்விட்டார்கள். அதைச் சமாளிக்க 1957 அக்டோபரில் விவித் பாரதி வந்தது. ஆனாலும் மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் தமிழ்நாட்டு வீடுகளில் சொந்தக்காரர் குரல் மாதிரி ஆகிவிட்டன. இதெல்லாம் பலரும் எழுதியதுதான். எனக்கு ஆர்வம் இதன் பௌதிகத்தில்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்க. மண்டபத்தில் இருந்து கொழும்பு ஏறக்குறைய 270 கி.மீ. திருச்சி அதைவிடப் பக்கம், அங்கே 1939-இலேயே வானொலி நிலையம் வந்துவிட்டது. ஆனால் திருச்சி அலை வறண்ட நிலத்தின் மேல் வர வேண்டும். கொழும்பு அலைக்குப் பெரும்பாலும் கடல் வழி. மத்திய அலை தரையை ஒட்டிப் பரவும் அலை. அடியில் இருப்பது மின்சாரத்தை நன்றாகக் கடத்தினால் அலை அதிகம் தேயாது. கடல் நீரின் கடத்துதிறன் வறண்ட மண்ணைவிட ஆயிரம் மடங்குகூட இருக்கும். காரணம், அதில் கரைந்திருக்கும் உப்பு. வெளிநாட்டு நிலையம் ஒன்று பட்டப்பகலில் உள்ளூர் நிலையம் மாதிரி இங்கே கேட்டது இதனால்தான். சிற்றலையில் இரவு நேரங்களில் தமிழ்நாடு முழுக்கக் கேட்டார்கள். எங்கள் கடற்கரைக்கு மட்டும் இந்த உப்புச் சலுகை கூடுதல்.

சுருள், காந்தம், கூம்பு

கொழும்பு நிலையம் தொடங்கிய அதே 1925-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இருவர் எழுதியது. இன்று உங்கள் கார் கதவில் இருக்கும் ஸ்பீக்கர், அந்தக் கட்டுரையில் இருப்பதேதான். நூறு வருஷத்தில் அடிப்படை மாறவில்லை. நான் வேலை பார்க்கும் மென்பொருள் துறையில் ஐந்து வருஷம் தாக்குப்பிடித்தாலே அது பழைய சாதனை. அதனால் எனக்கு இந்த விஷயம் ஆச்சரியமாகவே இருக்கிறது.

காந்தப் புலத்துக்குள் கம்பிச் சுருளைத் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால் சுருள் முன்னும் பின்னும் நகரும். இந்த யோசனையை ஜெர்மனியின் சீமன்ஸ் 1874-இலேயே காப்புரிமையாகப் பதிந்தார். இங்கிலாந்தில் ஆலிவர் லாட்ஜ் 1898-இல் தன் வடிவத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் அப்போது ஒலியைப் பெருக்கும் வால்வு இல்லை, அதனால் சுருளை அசைக்கப் போதுமான மின்சாரம் இல்லை. 1915-இல் கலிஃபோர்னியாவில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதம் இருவரும் சுருளோடு ஒரு குழாயைப் பொருத்தி 'மேக்னவாக்ஸ்' என்று பேர் வைத்தார்கள். 1919-இல் சான் டியாகோ அரங்கில் அதிபர் உட்ரோ வில்சன் ஏறக்குறைய 50,000 பேருக்குப் பேசியது அந்தக் கருவி வழியாக. நம் ஊர்க் கோயில் கொடையிலும் கட்சிக் கூட்டத்திலும் மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கருக்கு அதுதான் மூதாதை.

ரைஸும் கெல்லாகும் குழாயைத் தூக்கி எறிந்தார்கள். சுருளைக் காகிதக் கூம்பு ஒன்றில் ஒட்டி, கூம்பின் விளிம்பை மெத்தென்ற வளையத்தில் தொங்கவிட்டார்கள். எந்தப் பொருளுக்கும் தன்னியல்பான ஓர் அதிர்வெண் உண்டு. அதில் மட்டும் அது அளவுக்கு மீறி அலறும். கூம்பின் அந்த அதிர்வெண், அது பாட வேண்டிய ஒலிகளுக்கெல்லாம் கீழே இருக்கும்படி வைத்துவிட்டால், மேலே உள்ள ஸ்வரங்கள் எல்லாம் சமமாக வரும். அவர்கள் கண்டுபிடிப்பின் சாரம் இவ்வளவுதான்.

காந்தம் மட்டும் அப்போது கஷ்டமாக இருந்தது. வலுவான நிலைக்காந்தம் இல்லாததால் மின்காந்தம் வைத்தார்கள். அதற்குத் தனியாக மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 1931-இல் ஜப்பானின் டொகுஷிச்சி மிஷிமா உருவாக்கிய உலோகக் கலவையில் இருந்து 'அல்னிகோ' காந்தங்கள் வந்தன. அவற்றில் கோபால்ட் சேர்ந்தது. 1978-இல் ஆப்பிரிக்காவின் ஜயர் நாட்டில், ஷாபா மாகாணத்தில் சண்டை மூண்டது. உலகக் கோபால்ட்டின் பெரும்பங்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. விலை பல மடங்கு ஏறியது. ஸ்பீக்கர் கம்பெனிகள் 1950-களில் இருந்தே கிடைத்துவந்த ஃபெரைட் காந்தத்துக்கு மொத்தமாக மாறின. உங்கள் ஸ்பீக்கருக்குப் பின்னால் கறுப்பு வளையமாக ஒட்டியிருக்கிறதே, அதுதான்.

கார் ஏறிய கதை

காரில் ரேடியோவைச் சந்தைப் பொருளாக்கியவர் சிகாகோவின் பால் கால்வின். 1930-இல் வந்த அவருடைய கருவிக்கு 'மோட்டரோலா' என்று பேர். அந்தப் பேர்தான் பிறகு கம்பெனிக்கே ஆனது. அந்தக் காலத்து கார் ரேடியோவுக்கு வால்வு, அதற்கு உயர் மின்னழுத்தம், அதற்குக் காருக்கு அடியில் தனி பேட்டரிகள். 1955-இல் கிரைஸ்லரும் ஃபில்கோவும் சேர்ந்து முழுக்க டிரான்சிஸ்டரால் ஆன கார் ரேடியோவை அறிவித்த பிறகுதான் வால்வுச் சுமை இறங்கியது.

இங்கே ஒரு கேள்வி. வீட்டு ஸ்பீக்கர் பெரும்பாலும் 8 ஓம், கார் ஸ்பீக்கர் மட்டும் ஏன் 4 ஓம்? பதில் பேட்டரியில் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது காரில் கிடைப்பது 14.4 வோல்ட் மட்டுமே. மின்னழுத்தத்தை ஏற்ற முடியாது என்றால், அதிக மின்சாரம் பாய வேண்டுமானால் தடையைத்தான் குறைக்க வேண்டும். 4 ஓமிலும் சாதாரண ஆம்ப்ளிஃபயர் கணக்குப்படி 6.5 வாட்தான் தரும். அதனால் இரண்டு ஆம்ப்ளிஃபயர்களை ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலும் எதிரெதிராக வைத்தார்கள். ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். மின்னழுத்தம் இரட்டிப்பாகும், சக்தி நான்கு மடங்காகி 26 வாட் வரும். காரோடு வரும் செட்டின் நெற்றியில் 50 வாட் என்று எழுதியிருப்பது உச்சக் கணக்கு. தொடர்ந்து கிடைப்பது இந்த 26-க்கும் கீழேதான்.

இதில் ஒரு முக்கியமான எச்சரிக்கையும் இருக்கிறது. இந்த அமைப்பில் ஸ்பீக்கரின் இரண்டு வயரிலும் ஆம்ப்ளிஃபயர்தான் இருக்கிறது. எதுவும் 'எர்த்' அல்ல. பழைய பழக்கத்தில் நெகட்டிவ் வயரைக் கார் பாடியில் தொட்டால் செட் புகைந்துவிடும். சோதிக்கும்போது செட்டை அணைத்துவிட்டு, ஸ்பீக்கரின் பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் மீட்டரை வைக்க வேண்டும்.

ஐந்து நிமிடச் சோதனை

எங்கள் காரில் முன் இடது கதவு ஸ்பீக்கர் முதலில் மேடு பள்ளத்தில் விட்டு விட்டுப் பாடியது, பிறகு அடங்கிவிட்டது. கடை ஒன்றில் கேட்டதற்கு நான்கு ஸ்பீக்கரையும் செட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்றார்கள். கழற்றிப் பார்க்காமலே சொன்ன தீர்ப்பு. சோதித்த வரிசை இது.

முதலில் செட்டில் பேலன்ஸ், ஃபேடர் இரண்டையும் திருப்பி, எந்த மூலை செத்திருக்கிறது என்று உறுதி செய்தேன். கதவுப் பலகையைக் கழற்றியதும், வேலை செய்யும் ஸ்பீக்கர் ஒன்றை இந்தக் கதவின் வயரில் மாட்டினேன். பாடியது. ஆக, செட்டும் வயரும் நலம்.

அடுத்து மல்டிமீட்டர். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 4 காட்டாது. 3.2, 3.5 என்று ஏதாவது காட்டும். மீட்டர் அளப்பது நேர்மின் தடையை, 4 ஓம் என்பது பாட்டு ஓடும்போது உள்ள மறிப்பை. ஆகவே குறைவாகக் காட்டுவது பழுதல்ல. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் சுருள் எரிந்து ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். எதுவுமே காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. எங்கள் ஸ்பீக்கரில் எதுவும் காட்டவில்லை. தனியாக இருக்கும் ட்வீட்டருக்கு மட்டும் இந்தத் தீர்ப்பு செல்லாது. அதோடு தொடரில் ஒரு கெப்பாசிட்டர் இருக்கும், நல்ல ட்வீட்டரும் அறுந்தது போலவே காட்டும்.

மூன்றாவது, ரேடியோ மெக்கானிக்குகளின் பழைய சோதனை. 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை இரண்டு முனையிலும் ஒரு நொடி தொட்டு எடுப்பது. 'தட்' என்று சத்தம் வந்தால் உயிர் இருக்கிறது. பாசிட்டிவ் சரியாக இருந்தால் கூம்பு வெளியே எழும், மாறியிருந்தால் உள்ளே போகும். சீமன்ஸ் காப்புரிமையில் இருந்தது இந்த அசைவுதான். 150 வருஷத்து யோசனையை ஒரு பென்சில் பேட்டரி நிரூபிக்கிறது.

நான்காவது கை. கூம்பின் நடுக் குமிழைச் சுற்றிலும் விரல்களைச் சமமாக வைத்து மெல்ல அழுத்தி விட வேண்டும். சரசரவென்று உரசினால் சுருள் காந்த இடுக்கில் தட்டுகிறது. அந்த இடுக்கு ஒரு பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. துருத் தூள் ஒன்று விழுந்தாலே போதும். எங்கள் ஸ்பீக்கரில் உரசல் இல்லை. காந்தம் நலம், கூம்பு நலம், சுருளும் அநேகமாக நலம். அப்படியானால் அறுந்தது எது?

சரிகை

ஸ்பீக்கரின் முனையில் இருந்து கூம்புக்குப் போகும் இரண்டு மெல்லிய பின்னல் வயர்களைக் கவனித்திருப்பீர்கள். அவை ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான முறை வளைந்து நிமிர வேண்டும். சாதாரணச் செம்புக் கம்பி சில நாளில் முறிந்துவிடும். அதனால் பருத்தி அல்லது செயற்கை நூலின் மேல் மயிரிழை போன்ற செம்புத் தகட்டைச் சுற்றி, அப்படிப் பல இழைகளைப் பின்னிச் செய்கிறார்கள். வளைவைத் தாங்குவது நூல், மின்சாரத்தைக் கொண்டுபோவது தகடு. பழைய டெலிபோன் ரிசீவர் வயரிலும் இதே முறைதான்.

இதை எங்கோ பார்த்தது போல இருக்கிறதா? பட்டுப் புடவைச் சரிகை! நூலின் மேல் வெள்ளித் தகட்டைச் சுற்றுவதுதான் சரிகை. காஞ்சிபுரத்துப் புடவை மடித்தாலும் முறியாமல் இருப்பதும் கார் ஸ்பீக்கர் குதித்தாலும் முறியாமல் இருப்பதும் ஒரே உபாயத்தால். ஆங்கிலத்திலும் இந்த வயருக்கு ஜிகினாவின் பேரான 'டின்சல்' என்பதையே வைத்திருக்கிறார்கள்.

எங்கள் ஸ்பீக்கரில் இந்தச் சரிகைதான் போயிருந்தது. முனைக்குப் பக்கத்தில் பச்சைப் பொடி பூத்திருந்தது. களிம்பு. செம்புக் குடத்தில் களிம்பேறினால் புளி போட்டுத் துலக்கிவிடலாம், குடம் கனமான தகடு. மயிரிழைத் தகட்டில் களிம்பேறினால் துலக்குவதற்கு அடியில் ஒன்றும் மிஞ்சாது, நூல் மட்டும் தொங்கும். காந்தம், இரும்புச் சட்டம் என்று கனமானதையெல்லாம் விட்டுவிட்டு, உப்பு இருப்பதிலேயே மெல்லியதைத் தின்றிருக்கிறது.

கார் கதவு இதற்கு ஏற்ற இடமும்கூட. கண்ணாடி ஓரமாக இறங்கும் தண்ணீர் கதவுக்குள் வழிந்து அடித்துளை வழியாக வெளியேறும்படிதான் எல்லாக் கதவுகளும் செய்யப்படுகின்றன. அதாவது ஸ்பீக்கர் இருப்பது ஓர் ஈர அறையில். மழை இல்லாத மாதத்திலும் ஈரம் போகாது, ஏனென்றால் உப்பு காற்றில் இருந்து தண்ணீரை இழுக்கும். சுத்தமான சோற்றுப்பு 75 சதவீத ஈரப்பதத்தில் கசியத் தொடங்கும். கடலுப்போடு கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். எங்கள் ஊரில் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்குவது அபூர்வம்.

மண்டபத்தில் நடக்கும் ஆய்வு

இது ஸ்பீக்கரோடு நிற்கும் பிரச்சினை அல்ல. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து உருவான மத்திய மின்வேதியியல் ஆய்வகம், 'சிக்ரி', 1953-இல் திறக்கப்பட்டது. அதன் கடல்சார் அரிப்பு ஆய்வு நிலையம் மண்டபத்தில் இருக்கிறது. உலோகத் தகடுகளைக் காற்றிலும் கடலிலும் வைத்து, அவை எவ்வளவு வேகத்தில் கரைகின்றன என்று அளக்கிறார்கள். அரிப்பைப் படிக்க இதைவிடத் தோதான கரை கிடைக்காது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் வாழ்க்கை முழுக்க உப்போடு நடந்த சண்டைதான். 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, முழுக்கப் பற்றவைத்த இணைப்புகள், பாலிசிலோக்சேன் பூச்சு என்று மூன்று அரண்கள் வைத்திருக்கிறார்கள்.

பாலத்துக்குச் செய்த யோசனையைக் கார் கதவுக்கும் செய்யலாம். புது ஸ்பீக்கர் வாங்கும்போது நான் பார்த்தவை இவை. கூம்பு காகிதமாக வேண்டாம், பாலிபுரோப்பிலீன் நல்லது. பி.பி.சி. ஆய்வகம் 1970-களில் உருவாக்கிய கூம்பு அது, தண்ணீர் குடிக்காது. விளிம்பு வளையம் ஃபோமாக வேண்டாம், ஈரக் காற்றில் அது சில வருஷத்தில் பொடியாகும். ரப்பர் போதும். காந்தத்தில் விலை உயர்ந்த நியோடிமியத்தைவிட இங்கே மலிவான ஃபெரைட் மேல். நியோடிமியம் பூச்சு உரிந்தால் துருப்பிடிக்கும். ஃபெரைட்டோ இரும்பு ஆக்சைடில் செய்தது, சொல்லப்போனால் ஏற்கெனவே துருவான இரும்பு. அதைத் துருப்பிடிக்க வைக்க உப்பால் முடியாது.

மாட்டும்போது விட்டமோடு ஆழத்தையும் அளக்க வேண்டும். ஆழம் கூடினால் கண்ணாடியை இறக்கும்போது காந்தத்தில் இடிக்கும். அகலமான முனை பாசிட்டிவ், ஒடுக்கமானது நெகட்டிவ். ஒரு பக்கம் மாறினால், ஒரு கூம்பு தள்ள மற்றது இழுத்து, மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போகும். முனைகளில் லேசாக கிரீஸ் தடவலாம். கதவுக்கு உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் எடுத்து, கிழிக்காமல் ஒட்ட வேண்டும். நம் கதவுக்குப் பாலிசிலோக்சேன் அதுதான்.

மாற்றுவதா, பழுது பார்ப்பதா

கழற்றிய ஸ்பீக்கரை நான் எறியவில்லை. அதன் சரிகையை வெட்டி எடுத்துவிட்டு, வேறொரு பழைய ஸ்பீக்கரில் இருந்து எடுத்த சரிகையைச் சால்டர் வைத்ததும் மீட்டரில் 3.4 ஓம் வந்தது. இப்போது மரப்பெட்டி ஒன்றில் வீட்டில் பாடுகிறது. செலவு கொஞ்சம் ஈயம்.

எங்கள் பக்கத்துச் சவுண்ட் சர்வீஸ்காரர்களுக்கு இது செய்தியே அல்ல. குழாய் ஸ்பீக்கரின் யூனிட்டைத் திறந்து, டயாஃப்ரம் மட்டும் வாங்கி மாற்றுவது அவர்களுக்குத் திருவிழாவுக்கு நடுவில் நடக்கும் வேலை. பெரிய ஸ்பீக்கருக்குச் சுருளும் கூம்பும் புதிதாக ஒட்டித் தருகிறவர்கள் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் உண்டு. குழாய் ஸ்பீக்கரைத் திறக்க ஸ்க்ரூ இருக்கிறது, கார் ஸ்பீக்கரில் எல்லாம் பசை. திறக்க முடியாதபடி செய்த பொருளை மாற்றத்தான் முடியும் என்று நம்பிவிடுகிறோம். ஆனால் உப்பு தின்ற அந்த ஓரங்குலச் சரிகை பசைக்கு வெளியேதான் தொங்குகிறது, எல்லோர் கைக்கும் எட்டுகிற தூரத்தில்.

பாம்பனில் 2016-இல் இருந்து 'கடல் ஓசை' சமுதாய வானொலி 90.4-இல் ஒலிக்கிறது. மீனவர்களுக்காக நடக்கும் நிலையம், காற்றும் கடலும் எப்படி என்று சொல்கிற நிலையம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயலுக்குக் கொடுத்த கரை இது. இங்கே ரேடியோ பாட்டுக்கு மட்டும் அல்ல, ஸ்பீக்கர் ஒழுங்காகப் பேச வேண்டியது வெறும் ரசனை சார்ந்த விஷயமும் அல்ல. ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்னால் ஒரு தடவை பேலன்ஸைத் திருப்பி நான்கு மூலையும் கேட்கிறதா என்று பார்த்துவிடுங்க. கேட்காத மூலைக்கு முதல் மருந்து கடை பில் அல்ல, மல்டிமீட்டர்.